கிட்டார் தொடங்குபவர்களுக்கான கைப்பயிற்சி: எதை முதலில், எதைப் பிறகு

கிட்டார் வாங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. தினமும் எடுத்து வாசிக்கவும் செய்கிறோம். ஆனாலும் ஜி கார்டிலிருந்து (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல்பிடி) சி கார்டுக்குப் போகும் இடத்தில் பாட்டு ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்கிறது. புதிதாகப் பழகுபவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சரியாக அழுத்தப் பழகாத விரலோடு கார்ட் பிடிக்கப் போகிறார்கள், கார்ட் மாற்றப் பழகாத கையோடு பாட்டுக்குப் போகிறார்கள். ஒரு படியில் விட்ட குறை அடுத்த படியில் வட்டியோடு வந்து நிற்கும்.

கீழே உள்ள வரிசை ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாருக்கானது. வலது கையால் மீட்டுபவர்களை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் கைகளை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். மெல்லிய கம்பி 1, தடித்த கம்பி 6 என்று எண்ணுங்கள். "மேல் கம்பி", "கீழ் கம்பி" என்று பேசுவதைத் தவிருங்கள். மடியில் வைத்துப் பார்த்தால் தடித்த கம்பி மேலே இருக்கும், சுருதியிலோ அதுதான் கீழே. இந்தக் குழப்பத்தில் கார்ட் படத்தைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள் நிறைய.

1. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் கிட்டாரின் ஆக்‌ஷன், அதாவது கம்பிக்கும் ஃப்ரெட் கம்பிக்கும் (கிட்டாரின் கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நடுவே உள்ள இடைவெளி. 12-வது ஃப்ரெட்டில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 6-வது கம்பியில் சுமார் 2.5 மி.மீ., 1-வது கம்பியில் சுமார் 2 மி.மீ. இருந்தால் நல்லது. 3 மி.மீ.-ஐத் தாண்டினால் கடையில் கொடுத்து செட்டப் செய்துவிட்டுப் பழகத் தொடங்குங்கள். உயரமான கம்பியை அழுத்த அதிக பலம் தேவை. அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதியும் ஏறிவிடும். குறை கிட்டாரில் இருக்க, கையைக் குறை சொல்லிக்கொண்டு பலர் விட்டுவிடுகிறார்கள்.

புது கிட்டாரில் 12-53 அல்லது 11-52 கம்பி இருக்கலாம் (1-வது, 6-வது கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). விரல் மிகவும் வலித்தால், முதல் கம்பி 0.010 அங்குலம் உள்ள எக்ஸ்ட்ரா லைட் செட் மாற்றிக்கொள்ளுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும்; முதல் சில மாதங்களுக்கு அது பரவாயில்லை.

கூடவே ஒரு கிளிப் ட்யூனர், போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் ஒன்று, 0.60 முதல் 0.73 மி.மீ. வரை தடிமன் உள்ள இரண்டு மூன்று பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு), கைப்பிடி இல்லாத நாற்காலி. மெல்லிய பிக் ஸ்ட்ரம்மிங்கில், அதாவது கம்பிகளை மொத்தமாக மீட்டும்போது, வளைந்து கொடுக்கும். 1 மி.மீ. பிக்கோடு தொடங்கினால் அது கம்பியில் சிக்கிச் சிக்கி நிற்கும்.

இடது கை நகங்களை ஒட்ட வெட்டுங்கள். விரல்நுனியை மேசையில் செங்குத்தாக ஊன்றிப் பாருங்கள். சதைக்கு முன்னால் நகம் தட்டினால் இன்னும் வெட்ட வேண்டும். நகம் நீண்டிருந்தால் விரல் படுத்துக்கொண்டுதான் அழுத்தும். அப்போது பக்கத்துக் கம்பியும் அடைபடும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஆறு கம்பிகளையும் துடைத்து வையுங்கள். துரு ஏறிய கம்பி விரலை அரத்தால் ராவுவதுபோல் அறுக்கும்.

2. ஒவ்வொரு முறையும் சுருதி சேர்ப்பது

6-வது கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. சுருதி ஏறிப் போயிருந்தால் தேவைக்கும் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியின் பல்சக்கரத்தில் தளர்வு மிச்சமிருக்கும். இரண்டு நிமிடம் வாசிப்பதற்குள் சுருதி இறங்கிவிடும்.

ஆறும் முடிந்ததும் இன்னொரு சுற்று பாருங்கள். ஒரு கம்பியை ஏற்றும்போது நெக்கின் மேல் இழுவிசை மாறி மற்றவை லேசாக நகர்ந்திருக்கும்.

ட்யூனரில் 440 (ஏ ஸ்வரத்துக்கான அளவு அதிர்வெண், ஹெர்ட்ஸில்) என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் பட்டன் அழுந்தி 442 அல்லது 445-க்குப் போயிருந்தால், எல்லாம் சரியாகக் காட்டியும் பாட்டோடு சேராது.

3. உட்காரும் விதம்

கிட்டாரின் வளைவை வலது தொடையில் வைத்து, பின்பலகையை வயிற்றோடு அணைத்து, வலது முன்கையின் எடையால் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையை முழுவதும் எடுத்துவிட்டாலும் நெக் கீழே சரியக் கூடாது. சரிந்தால் இடது கை நெக்கைத் தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது என்று பொருள். அந்தக் கையால் கார்ட் மாற்ற முடியாது. உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் மாட்டிக்கொள்வது இதற்கு நல்ல தீர்வு.

நெக்கின் தலைப்பக்கம் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வரும் அளவுக்கு உயர்ந்திருக்கட்டும். தரையில் சம்மணம் போட்டோ கட்டிலில் அமிழ்ந்தோ உட்கார்ந்தால் நெக் கிடைமட்டமாகத் தாழ்ந்து, இடது மணிக்கட்டு வளைந்துவிடும்.

அடுத்து, விரல் தெரிய வேண்டும் என்று கிட்டாரின் முகத்தை மேல்நோக்கிச் சாய்ப்பது. கிட்டத்தட்ட எல்லோரும் இதைச் செய்கிறார்கள். சாய்த்ததும் 6-வது கம்பி எட்டாத தூரத்துக்குப் போய்விடும். கிட்டாரை நேராக வைத்துத் தலையை மட்டும் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் உள்ள புள்ளிகள் 3, 5, 7, 9, 12-வது ஃப்ரெட்களைக் காட்டும், அவையே போதும்.

4. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை விரலுக்குச் சொல்லித் தருவது

கார்டுக்குப் போவதற்கு முன் இதற்கு ஒரு வாரம் கொடுங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

3-வது கம்பியில் 5-வது ஃப்ரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், அதன் தலைப்பக்கமாக வையுங்கள். அழுத்தாமல் தொட்டு மட்டும் மீட்டினால் "டப்" என்று செத்த ஒலி வரும். கொஞ்சம் அழுத்துங்கள், "ஜ்ஜ்ஜ்" என்று இரையும். இன்னும் ஒரு துளி அழுத்துங்கள்; ஒலி தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பலம் ஒலிக்கு எதையும் கூட்டாது. விட்டுவிட்டு, ஒவ்வொரு விரலாலும் பத்து முறை இதையே செய்யுங்கள்.

இப்போது அதே விரலை இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நட்டநடுவில் வைத்துப் பாருங்கள். தெளிவாக ஒலிக்கக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். விரல் ஃப்ரெட் கம்பியிலிருந்து தள்ளிப் போகப் போக, கம்பியை அங்கே படியவைக்க அதிக பலம் வேண்டும். நேராக ஃப்ரெட் கம்பியின் மேலேயே வைத்தால் ஒலி அடைத்துவிடும்.

கட்டைவிரல் நெக்கின் பின்புறத்தில், நடுவிரலுக்கு நேர் எதிரே, மென்மையாக இருக்கட்டும். அது பிடிமானத்துக்கு மட்டும். கட்டைவிரலை எடுத்துவிட்டு, வலது முன்கையால் கிட்டாரை உடம்போடு அணைத்தபடி, இடது கையின் எடையால் கம்பியை அழுத்திப் பாருங்கள். ஒலி வரும். அப்படியானால் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிப்பதில் எவ்வளவு பலம் வீணாகிறது என்பது தெரிந்துவிடும்.

5. நான்கு விரல் பயிற்சி

ஒரே கம்பியில் அடுத்தடுத்த நான்கு ஃப்ரெட்கள். ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல்கள் ஆளுக்கு ஒன்று. இதை 1-வது ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். 648 மி.மீ. கம்பி நீளம் உள்ள கிட்டாரில் முதல் நான்கு ஃப்ரெட்களின் அகலம் ஏறத்தாழ 134 மி.மீ.; 5 முதல் 8 வரை 106 மி.மீ.தான். 5-ல் தொடங்கி, வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் வீதம் தலைப்பக்கம் இறங்குங்கள்.

3-வது கம்பியில் தொடங்குவது எளிது. 6-வது கம்பிக்கு மணிக்கட்டை நீட்ட வேண்டியிருக்கும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மெட்ரோனோமை 60-ல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். நடுவிரல் இறங்கும்போது ஆள்காட்டி விரலை எடுக்காதீர்கள். நான்கும் இறங்கி முடியும் வரை எல்லாம் கம்பியின் மேலேயே இருக்கட்டும். இப்படிச் செய்தால்தான் விரல்கள் தனித்தனியே இயங்கப் பழகும்.

கவனிக்க வேண்டியது சுண்டுவிரலை. மற்ற விரல்கள் வேலை செய்யும்போது அது வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது உள்ளங்கைக்குள் சுருண்டுவிடும். இரண்டுமே கூடாது. கம்பிக்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குள் காத்திருக்க வேண்டும். 60-ல் அதை அடக்க முடியவில்லை என்றால் 40-க்கு இறங்குங்கள். மெதுவாக வாசிப்பதன் பயனே இதுதான்: ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே விரலைப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கிறது.

தொடர்ந்து மூன்று முறை ஒரு இரைச்சலும் இல்லாமல் வந்தால் வேகத்தை 4 கூட்டுங்கள். இரண்டு முறை தவறினால் 8 குறையுங்கள். தவறிய வேகத்திலேயே முட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தவறும் கைக்குப் பழக்கமாகிவிடும்.

6. கார்ட்களைக் கற்கும் வரிசை

ஒவ்வொரு புது கார்டும் முந்தையதிலிருந்து ஒரு சிறு மாற்றமாக வரும்படி அடுக்கிக்கொண்டால் வேலை பாதியாகும்.

முதலில் ஈ மைனர்: நடுவிரல் 5-வது கம்பியில் 2-வது ஃப்ரெட், மோதிர விரல் 4-வது கம்பியில் 2-வது ஃப்ரெட். அத்தோடு ஆள்காட்டி விரலை 3-வது கம்பியில் 1-வது ஃப்ரெட்டில் சேர்த்தால் ஈ மேஜர். அதே வடிவத்தை அப்படியே ஒரு கம்பி 1-வது கம்பியின் பக்கமாக நகர்த்தினால் ஏ மைனர். அதிலிருந்து மோதிர விரலை மட்டும் எடுத்து 5-வது கம்பியின் 3-வது ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் சி.

ஜி-யை மோதிர விரல் 6-வது கம்பியின் 3-வது ஃப்ரெட், நடுவிரல் 5-வது கம்பியின் 2-வது ஃப்ரெட், சுண்டுவிரல் 1-வது கம்பியின் 3-வது ஃப்ரெட் என்று பிடியுங்கள். சுண்டுவிரல் இரண்டு வாரம் முரண்டு பிடிக்கும், உண்மைதான். ஆனால் இந்தப் பிடியில் சி-க்குப் போகும்போது நடுவிரலும் மோதிர விரலும் ஒன்றாக ஒரு கம்பி நகர்ந்தால் போதும். ஈ மைனரிலிருந்து வரும்போதோ நடுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே சொன்ன எதனோடும் பொது விரல் இல்லாத டி-யைக் கடைசியில் எடுங்கள்.

ஒவ்வொரு கார்டையும் பிடித்ததும் மொத்தமாக மீட்டாதீர்கள். ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் கேளுங்கள். அடைப்பு எங்கே என்பது அப்போதுதான் தெரியும். வழக்கமான இடங்கள் சில:

சி-யில் 1-வது கம்பி ஒலிக்காது. ஆள்காட்டி விரல் படுத்து அதைத் தொடுகிறது. 3-வது கம்பி ஒலிக்காவிட்டால் நடுவிரலின் சதை அதில் பட்டிருக்கும். டி-யில் 1-வது கம்பி அடைத்தால் மோதிர விரல் சாய்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: விரலின் கடைசிக் கணுவை மடக்கி நுனியால் நிற்கவையுங்கள், அதற்கு மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டியிருக்கும். இன்னும் பலமாக அழுத்துவது இங்கே உதவாது.

7. கார்ட் மாற்றம்

பாட்டை நிறுத்துவது கார்ட் அல்ல, கார்டுக்கும் கார்டுக்கும் நடுவில் உள்ள அரை நொடி. அதைத் தனியாக எடுத்துப் பழக வேண்டும். அன்றாடப் பயிற்சியில் அதிக நேரம் இதற்கே போகட்டும்.

முதல் கட்டம்: ஏ மைனரைப் பிடியுங்கள். விரல்களைக் கம்பியை விட்டு எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். மறுபடி அழுத்துங்கள். இருபது முறை.

இரண்டாம் கட்டம்: வடிவம் கலையாமல் விரல்களை இரண்டு சென்டிமீட்டர் தூக்கி, மூன்றையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். முதலில் ஆள்காட்டி, அடுத்து நடு, அடுத்து மோதிர என்று ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். ஒன்றாக இறங்கும் வரை இங்கேயே இருங்கள். ஒவ்வொன்றாக வைக்கும் பழக்கத்தோடு எந்த வேகத்தையும் எட்ட முடியாது.

மூன்றாம் கட்டம்: இரண்டு கார்ட்களை ஜோடியாக எடுத்து, வலது கை இல்லாமல் மாற்றிப் பாருங்கள். பொது விரல் இருந்தால் அது கம்பியை விட்டு எழவே கூடாது. ஏ மைனரிலிருந்து சி-க்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையத் தேவையில்லை. ஆனாலும் புதியவர்கள் கை முழுவதையும் எடுத்துவிட்டு, புதிதாகத் தேடிப்பிடித்து வைப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத் திருத்துங்கள்.

நான்காம் கட்டம்: போனில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முறை மேலிருந்து கீழே மீட்டினால் போதும். 120 வேகத்தில் போகும் நான்கு தட்டுப் பாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் கார்ட் மாறினால் நிமிடத்துக்கு 30 மாற்றம். ஆகவே 30 என்பது குறைந்தபட்சம். 45-ஐத் தாண்டினால் பாட்டில் மூச்சுவிட இடம் கிடைக்கும். எண்ணிக்கைக்காக அரைகுறையாகப் பிடித்ததைச் சேர்க்காதீர்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி போதும். ஈ–ஏ மைனர், ஏ மைனர்–சி, ஈ மைனர்–ஜி, ஜி–சி, ஜி–டி என்ற வரிசையில் போகலாம்.

8. வலது கை: நிற்காத ஊசல்

பிக்கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலால் மூடுங்கள். நுனி 3 முதல் 5 மி.மீ. வரை வெளியே தெரிந்தால் போதும். அதிகம் நீட்டினால் கம்பிகளுக்குள் ஆழமாக இறங்கிச் சிக்கும்.

இடது கையின் இரண்டு மூன்று விரல்களைக் கம்பிகளின் மேல் அழுத்தாமல் படுக்கவைத்து ஒலியை அடைத்துவிடுங்கள். ஒரு விரல் மட்டும் வைத்தால் சில இடங்களில் மணி போன்ற ஒலி எழும். இடது கைக்கு வேறு வேலை இல்லாததால் முழுக் கவனமும் தாளத்துக்குப் போகும்.

இப்போது வாய்விட்டு எண்ணுங்கள்: ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு. நான்குமே ஈரசை. முதல் அசைக்குக் கை கீழே, இரண்டாம் அசைக்கு மேலே. மெட்ரோனோம் 60, முதல் அசைகள் தட்டில் விழ வேண்டும். இரண்டு நிமிடம் எல்லா அசைக்கும் மீட்டுங்கள்.

பிறகு "ஒண்ணு"வில் வரும் "ணு", "மூணு"வில் வரும் "மூ" இரண்டிலும் மட்டும் கம்பியைத் தொடாமல் கையை ஓட்டுங்கள். மீதி: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். எண்ணற்ற பாட்டுகளுக்கு உதவும் தாளக்கட்டு இது.

பிழை எப்போதும் "மூ"வில்தான் வரும். மீட்ட வேண்டியதில்லை என்று கை மேலேயே நின்றுவிடும். அடுத்து வரும் "ணு"வுக்கு மேல்நோக்கி மீட்டக் கை கீழே இருக்க வேண்டும். இல்லாததால் அவசரமாக இறங்கித் தாளம் தவறும். மீட்டினாலும் மீட்டாவிட்டாலும் கை இறங்கியே தீர வேண்டும்.

இது தடுமாறாமல் வந்ததும் ஈ மைனர் ஒன்றை மட்டும் பிடித்து வாசியுங்கள். அடுத்து இரண்டு கார்ட். கடைசி "லு"வில் இடது கை பழைய கார்டை விட்டுவிடலாம். அந்த ஒரு மீட்டலில் திறந்த (விரல் அழுத்தாத) கம்பிகள் ஒலிப்பதில் தவறில்லை. தேர்ந்தவர்கள் வாசிப்பிலும் அதைக் கேட்கலாம். இடது கைக்காக வலது கை காத்திருப்பதுதான் தவறு. கார்ட் பாதி வந்திருந்தாலும் கை ஓடட்டும்.

9. ஒரு நாளின் 25 நிமிடம்

சுருதி 2 நிமிடம், நான்கு விரல் பயிற்சி 5, கார்ட் மாற்றம் 8, வலது கை 5, பாட்டு 5. முடிந்தால் காலையில் ஒரு பாதி, இரவில் ஒரு பாதி. களைத்த விரல் அதிகமாக அழுத்தத் தொடங்கும். நாலாவது படியில் கற்றது அங்கே கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டரை மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 25 நிமிடம் பல மடங்கு மேல்.

பாட்டை அதன் உண்மையான வேகத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். தடுக்கும் இடம் வந்தால் பாட்டை முதலிலிருந்து திரும்ப வாசிக்காதீர்கள். அந்த இரண்டு கார்டை மட்டும் வெட்டியெடுத்து ஏழாவது படிக்குக் கொண்டுபோங்கள். முதலிலிருந்து வாசித்துக்கொண்டே இருந்தால் நன்றாக வரும் பகுதிதான் இன்னும் நன்றாக வரும்.

10. எந்த வலி சரி, எந்த வலி தவறு

விரல்நுனியில் எரிச்சலும் கம்பித் தடமும் முதல் இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். தோல் தடித்ததும் போய்விடும். குளித்த கையோடும் பாத்திரம் கழுவிய கையோடும் உடனே வாசிக்காதீர்கள். ஊறிய தோல் கிழியும். கொப்புளம் வந்தால் ஆறும் வரை வலது கைப் பயிற்சி மட்டும்.

மணிக்கட்டு, முன்கை, கட்டைவிரலின் அடிப்பகுதி இவற்றில் வலியோ மரத்துப்போவதோ வந்தால் உடனே நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. மூன்றாவது, நான்காவது படிகளை மறுபடி சரிபாருங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

11. எஃப் கார்ட் எப்போது

மேலே உள்ள ஐந்து ஜோடிகளும் நிமிடத்துக்கு 30-ஐத் தொட்ட பிறகு. அதுவரை எஃப் வரும் பாட்டுகளில் எஃப் மேஜர் 7 பிடியுங்கள்: 4-வது கம்பியில் 3-வது ஃப்ரெட், 3-வதில் 2, 2-வதில் 1, 1-வது கம்பி திறந்தபடி. 5, 6-வது கம்பிகளை மீட்ட வேண்டாம்.

முழு எஃப் ஒரு பார் கார்ட், அதாவது ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்துப் பிடிப்பது. அந்த வடிவத்தை 5-வது ஃப்ரெட்டில் தொடங்குங்கள். ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றுப் புரட்டி, எலும்பு உள்ள விளிம்பால் அழுத்துங்கள். தட்டையாக வைத்தால் கணுவின் மடிப்பில் ஒரு கம்பி ஒளிந்துகொள்ளும். அப்படி நேர்ந்தால் விரலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்த்துங்கள். எஃப் வடிவத்தில் ஆள்காட்டி விரல் ஒலிக்கவைக்க வேண்டியது 6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகளை மட்டுமே. நடுவில் உள்ளவற்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. விரலின் இரண்டு முனைகளுக்கும் கவனம் கொடுத்தால் போதும்.

5-ல் தெளிந்ததும் 4, 3, 2 என்று இறங்குங்கள். 2-வது ஃப்ரெட் வரை நன்றாக வந்து 1-ல் மட்டும் எவ்வளவு முயன்றும் ஒலிக்காவிட்டால் நட்டைச் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு பட்டை) சந்தேகியுங்கள். ஒவ்வொரு கம்பியையும் 3-வது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 1-வது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாளின் தடிமன் அளவுக்கு இருந்தால் நட் சரி. பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால், நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்தித் தரும்படி கடையில் கேளுங்கள். அதை வீட்டில் அரம் வைத்து ராவ வேண்டாம். கொஞ்சம் அதிகமாகிவிட்டாலும் திறந்த கம்பி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.